விட்டால் திரும்பி வரும் முகப்பரு: எந்த மருந்து, எந்த ஒழுங்கில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். திருகோணமலையில் இருக்கும் 20 வயதுத் தங்கச்சிக்கு இரண்டு வருடமாகக் கன்னத்திலும் தாடையோரத்திலும் முதுகிலும் பரு. பாமசியில் வாங்கிய கிளின்டமைசின் என்ற அன்டிபயோட்டிக் ஜெல்லை மாதக்கணக்காகப் பூசுகிறா. டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் குளிசையை இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் எடுத்தா. எடுக்கும்போது குறைந்தது, விட்டதும் வந்துவிட்டது. இடையில் முகநூலில் ஓடர் பண்ணிய ஒரு கிறீம் ஒரு கிழமையில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியது. நிறுத்தியதும் எரிச்சலோடு முன்னைவிட மோசமாகிவிட்டது. இப்போது ஐசோட்ரெட்டினோயின் என்ற கப்சியூல் எடுத்தால் ஒரேயடியாக முடியும் என்று சொல்கிறார்கள், ஆனால் பிறகு பிள்ளை தங்காது என்று அம்மா பயப்படுகிறா. எந்த மருந்து நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்ததெல்லாம் ஏன் நிற்கவில்லை, அந்தப் பெரிய மருந்துக்குப் போகலாமா என்பதுதான் உண்மையில் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முகத்தைப் பார்க்காமல் நோயை உறுதிப்படுத்த முடியாது. நீங்கள் எழுதியதை வைத்து, இது சாதாரண முகப்பருதான் என்ற அனுமானத்தில் பேசுகிறேன். பரு உண்டாக நான்கு காரியங்கள் சேரவேண்டும்: எண்ணெய்ச் சுரப்பி கூடச் சுரப்பது, மயிர்க்காலின் வாயைச் செத்த தோல் அடைப்பது, உள்ளே கியூட்டிபக்டீரியம் என்ற கிருமி பெருகுவது, அதைச் சுற்றி வீக்கம் வருவது. டொக்சிசைக்கிளின் கடைசி இரண்டையும் மட்டும்தான் அடக்குகிறது. அடைப்பு அப்படியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு பரு, உள்ளே பல வாரங்களுக்கு முன்பே அடைபட்ட துவாரத்தில் தொடங்கியது. ஆகவே குளிசை நின்றதும் அடுத்த வரிசை மேலே வருவதில் ஆச்சரியமில்லை. தங்கச்சிக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். அடைப்பை எடுக்கும் மருந்து அவவுக்கு இதுவரை கொடுக்கப்படவேயில்லை.

கிளின்டமைசின் 1 சதவீத ஜெல்லைத் தனியாகப் பூசுவதை இன்றே நிறுத்தலாம். அது கெட்ட மருந்தல்ல. தனியே பூசினால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு ஜெல் வெறும் ஈரம்தான். கிருமியைக் கொல்லும் இன்னொரு பூச்சான பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்த்துப் பூசினால் அந்தப் பழக்கம் வெகுவாகத் தடுக்கப்படும், ஏனென்றால் பென்சோயில் பெரொக்சைட்டுக்குக் கிருமி எதிர்ப்பை வளர்த்ததாக இதுவரை காணப்படவில்லை. குளிசைக்கும் இதே விதிதான்: அன்டிபயோட்டிக் குளிசையோடு அன்டிபயோட்டிக் ஜெல்லை மட்டும் சேர்ப்பதில் பயனில்லை. குளிசையோடு அடைப்பை எடுக்கும் பூச்சு ஒன்றும் பென்சோயில் பெரொக்சைட்டும் போகவேண்டும். மூன்று மாதத்தில் குளிசை நிற்கும்போது அந்தப் பூச்சுகள் தொடரவேண்டும். ஒரு மாதம் எடுத்து விட்டு, பிறகு இன்னொரு மாதம் எடுப்பதுதான் இருப்பதற்குள் மோசமான வழி. குணமும் முழுதாக வராது, கிருமிக்கும் பழக்கம் கொடுக்கிறோம்.

அடித்தளமாக இருக்கவேண்டியது அடைப்பை எடுக்கும் அந்தப் பூச்சு, அதாவது ரெட்டினோயிட். அடாபலீன் 0.1 சதவீத ஜெல் அல்லது ட்ரெட்டினோயின் 0.025 சதவீத கிறீம், இரண்டில் ஒன்று. தொடங்குகிறவர்களுக்கு அடாபலீனையே நான் விரும்புவேன். எரிச்சல் குறைவு, வெளிச்சத்தில் கெடாது, பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்ந்தாலும் பழுதாகாது. ட்ரெட்டினோயினை வெளிச்சமும் பென்சோயில் பெரொக்சைட்டும் சிதைக்கும், ஆகவே அதை இரவில் தனியாகத்தான் பூசவேண்டும்.

பூசும் முறையில்தான் அதிகம் பேர் தோற்றுப்போகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இரவில் நுரை குறைந்த மென்மையான கழுவியால் முகம் கழுவி, துவாயால் ஒற்றி எடுத்து, 20 நிமிடம் காயவிடுங்கள். ஈரத் தோலில் பூசினால் மருந்து கூட உள்ளே போய் எரியும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து பொட்டு வைத்து மெல்லப் பரப்புங்கள்; கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். நாளைய பருவுக்கான அடைப்பு இன்று ஒன்றும் தெரியாத தோலில்தான் இருக்கிறது. முதல் இரண்டு கிழமை மூன்று நாளுக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தாங்கினால் தினமும். தோல் உரிந்தால் மருந்துக்கு முன் ஒரு மெல்லிய படை ஈரப்பதக் கிறீம் பூசுங்கள். காலையில் பென்சோயில் பெரொக்சைட் 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் முகத்தில் பெரிதாகக் கூடுதல் பலன் தருவதில்லை, எரிச்சலைத்தான் கூட்டும். முதுகுக்கு அதே மருந்தின் 5 சதவீதக் கழுவியைப் பூசி, சில நிமிடம் விட்டு, குளிக்கும்போது கழுவிவிடலாம். இது நிறத் துணியை வெளிறச் செய்யும். தலையணை உறையும் துவாயும் வெள்ளையாக இருக்கட்டும்.

மூன்றாவது கிழமையளவில் பலருக்குப் பரு கூடினதுபோல் தெரியும். உள்ளே இருந்த அடைப்பு மேலே வருகிறது. இந்த இடத்தில்தான் பாதிப்பேர் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று டியூப்பை எறிந்துவிடுகிறார்கள். எட்டாம் கிழமைக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பன்னிரண்டாம் கிழமையில் படம் எடுத்து முதல் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். கடுமையாகச் சிவந்து வீங்கினால் அது வேறு விஷயம், நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டவேண்டும்.

திருகோணமலைக்கு என்று ஒரு கவனம் இருக்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தோல் தானாகவே உலர்ந்துபோகும். வாடைக் காலத்தில் தாங்கிய அதே அளவு அப்போது எரியும். அந்த நாட்களில் ரெட்டினோயிட்டை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, ஈரப்பதக் கிறீமைக் கூட்டுங்கள், ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். சூட்டில் மருந்தும் கெடும். பென்சோயில் பெரொக்சைட் வெப்பத்தில் சிதைந்து பென்சீன் உண்டாகக்கூடும் என்று 2024இல் அமெரிக்காவில் ஒரு தனியார் ஆய்வுகூடம் எச்சரித்தது. 2025இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் தானே சோதித்து, பெரும்பாலான பொருட்களில் அளவு கவலைப்படும்படி இல்லை என்று சொல்லிச் சிலவற்றை மட்டும் மீளப்பெறவைத்தது. மருந்தை விடும் அளவுக்கு இது பெரிய காரணமல்ல. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் யன்னலோரத்திலும் வைக்காமல், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, காலாவதித் திகதி பார்த்துப் பாவித்தால் போதும்.

எங்கள் நிறத் தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் வெயிலில் அரைமணி நேரம் நின்றால் மருந்து செய்ததில் பாதி போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, எண்ணெய்ப்பசை இல்லாத சன்ஸ்கிறீனை முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசவேண்டும். கறுப்புக்கு அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதம் நல்ல துணை. பருவையும் குறைக்கும், கர்ப்ப காலத்திலும் பாவிக்கலாம். குழி விழுந்த தழும்பு வேறு. அதை எந்தப் பூச்சும் நிரப்பாது. ஆகவே குழி விழத் தொடங்கிவிட்டதா என்பதுதான் அடுத்த படிக்கு எவ்வளவு சீக்கிரம் போவது என்பதைத் தீர்மானிக்கும்.

முகநூல் கிறீம் பற்றி. ஒரு கிழமையில் பருவும் சிவப்பும் மறைந்து நிறமும் வெளுத்து, நிறுத்தியதும் எரிந்து சிவந்து பரு கொட்டினால், அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க முழுக் காரணம் உண்டு. பெட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் எல்லாம் இப்படி வெளுக்கும் கிறீம்களில் வரும். சிலவற்றில் பாதரசமும் இருக்கும். உட்பொருள் அச்சிடாத, பதிவு எண் இல்லாத டப்பாவில் இருப்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்டீரொயிட் தானே ஒரேமாதிரியான சின்னப் பருக்களை உண்டாக்கும், தோலை மெலியவைக்கும், சின்ன இரத்தக்குழாய்களைத் தெரியவைக்கும். திரும்பப் பூசினால் மறுநாளே அடங்கும். அதனால்தான் விடமுடியாமல் போகிறது. தங்கச்சி அதை எத்தனை மாதம் பூசினா என்று நீங்கள் எழுதவில்லை. சில கிழமைதான் என்றால் நிறுத்தியது சரி. மாதக்கணக்கில் என்றால், படிப்படியாக இறக்குவதா, உடனே விடுவதா என்பதை டொக்டர் பார்த்துச் சொல்லவேண்டும்.

இதில் ஒரு ஒழுங்கு முக்கியம். எரிந்து சிவந்திருக்கும் முகத்தில் உடனே ரெட்டினோயிட்டோ பென்சோயில் பெரொக்சைட்டோ பூசினால் தாங்கமுடியாது. முதல் நான்கு தொடக்கம் ஆறு கிழமை வரை மென்மையான கழுவி, ஈரப்பதக் கிறீம், சன்ஸ்கிறீன் மட்டும். இந்த இடைவெளியில்தான் டொக்சிசைக்கிளின் குளிசைக்கு உண்மையான பயன் இருக்கிறது. ஸ்டீரொயிட் விட்ட பின் வரும் வீக்கத்தையும் அது அடக்கும். தோல் அமைந்த பிறகு அடாபலீனைத் தொடங்கலாம். தேசிக்காய்ச் சாறு, பற்பசை, உப்புக்கல் போல உரசும் ஸ்கிறப் எல்லாம் இப்போது முகத்துக்கு ஆகாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பதென்றால் நெற்றியில் வழியாமல் வைத்து, படுக்கமுன் கழுவிவிடச் சொல்லுங்கள்.

டொக்சிசைக்கிளின் கொடுத்தால் வழக்கமான அளவு நாளுக்கு 100 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. விழுங்கி அரைமணி நேரம் படுக்கக்கூடாது. தண்ணீர் போதாமல் விழுங்கிப் படுத்தால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், அடுத்த நாள் எச்சில் விழுங்கவே நெஞ்சுக்குள் குத்தும். பால், அயன் குளிசை, கல்சியம், வயிற்றெரிவு மருந்து எதுவும் அதோடு சேர்த்து வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். இந்த மருந்தில் வெயில் சுடும், கைகூட எரியும். கர்ப்பத்திலும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூடாது.

தாடையோரத்தில் வருவது, மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் கூடுவது, மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருப்பது, நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த மயிர் வளர்வது, இவற்றில் ஏதேனும் இருந்தால் ஹோர்மோன் பக்கம் பார்க்கவேண்டும். சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ் இருக்கலாம். அங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை. அதைக் கலியாணமாகாத பிள்ளைக்கும் பருவுக்கும் மாதவிடாய்க்குமான மருந்தாக டொக்டர்கள் கொடுப்பதுண்டு. பலன் தெரிய மூன்று தொடக்கம் ஆறு மாதம் ஆகும். கண்ணுக்கு முன் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் அது ஆகாது. மற்றது ஆண் ஹோர்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலக்டோன் குளிசை, 50 தொடக்கம் 100 மில்லிகிராம். இங்கிலாந்தில் 410 பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான பரிசோதனையில், ஆறு மாதமளவில் மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிடத் தெளிவாக நன்றாகச் செய்தது. கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு இருந்தால் கூடாது. ஆண்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்த வகை ஊசி சிலருக்குப் பருவைக் கூட்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஐசோட்ரெட்டினோயின். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. மேலே சொன்ன நான்கு காரியங்களையும் சேர்த்துத் தாக்குவது இது ஒன்றுதான். ஆழமான கட்டிப் பரு, தழும்பு விழும் பரு, ஒழுங்காகச் செய்த மூன்று மாத வைத்தியத்துக்கும் அடங்காத பரு, இந்த மூன்றுக்கும் இது சரியான மருந்து. தங்கச்சிக்குக் குழி விழத் தொடங்கியிருந்தால் இன்னும் பூச்சுகளைச் சோதித்துக்கொண்டு காலம் கடத்தவேண்டாம் என்பேன். குழி இல்லை என்றால், ஒழுங்கான வைத்தியம் ஒன்றும் இதுவரை நடக்கவில்லை. அதை ஒருமுறை முழுதாகச் செய்துபார்க்கலாம்.

அளவு எடையைப் பொறுத்தது. வழக்கமாக ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.5 தொடக்கம் 1 மில்லிகிராம். மொத்தமாக ஒரு கிலோவுக்கு 120 தொடக்கம் 150 மில்லிகிராம் வரும்வரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 6,000 மில்லிகிராம் என்று வைத்தால், நாளுக்கு 20 மில்லிகிராமில் 300 நாள், 30 மில்லிகிராமில் 200 நாள். அந்த மொத்தம் கட்டாயமா, முகம் துப்புரவானபின் ஓரிரு மாதம் தொடர்ந்தால் போதாதா என்பதில் டொக்டர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. முடிந்தபின் சிலருக்குத் திரும்பி வரும், இரண்டாம் சுற்றும் தேவைப்படலாம். ‘ஒரேயடியாக முடியும்’ என்பது பலருக்கு உண்மை, எல்லோருக்கும் அல்ல. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடல் உறிஞ்சும். வெறும் பாணும் பிளேன்டீயும் போதாது, முட்டையோ மீன் பொரியலோ தேங்காய்ப்பால் கறியோ உள்ள நேரத்தில் எடுக்கவேண்டும். உதடு வெடிப்பது அநேகமாக எல்லோருக்கும் வரும். கண் உலர்வு, மூக்கால் இரத்தம் கசிவது, முதுகு நோவு, இரவில் கண் மங்குவது சிலருக்கு. தோல் மெலிவாக இருப்பதால் வக்ஸிங் செய்தால் தோலோடு வரும். தொடங்கமுன்னும், பிறகு ஓரிரு மாதத்திலும், வெறுவயிற்றில் இரத்தம் எடுத்து ஈரல் நொதியங்களும் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பும் பார்ப்பார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் டொக்சிசைக்கிளினை இதோடு ஒருபோதும் எடுக்கக்கூடாது; இரண்டும் சேர்ந்தால் மூளைக்குள் அழுத்தம் கூடித் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல் வரலாம். கொட்லிவர் ஒயில், விற்றமின் ஏ இரண்டும் நிறுத்தவேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு நேரான பதில்: மருந்து உடம்பில் இருக்கும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தையின் முகம், காது, இதயம், மூளை கடுமையாகப் பாதிக்கப்படலாம், கருச்சிதைவும் ஆகலாம். இது உறுதியான, மிகப் பெரிய ஆபத்து. அதே அளவு உறுதியாக, கடைசிக் கப்சியூல் எடுத்து ஒரு மாதம் கழிந்தபின் தரிக்கும் கர்ப்பத்தை அது கெடுப்பதில்லை. பிற்காலத்தில் பிள்ளை தங்காமல் போகும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அதனால் தொடங்கமுன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னிருந்து முடிந்து ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கலாம். கலியாணமாகாத பிள்ளையிடம் இதைக் கேட்பதை அவமதிப்பாக எடுக்கவேண்டாம் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கருத்தரிக்கும் வயதுள்ள எல்லோரிடமும் கேட்பார்கள். கலியாணத் திகதி குறித்திருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லி நாளைக் கணக்கிடுங்கள். அந்தக் காலத்திலும் முடிந்து ஒரு மாதம் வரையும் இரத்ததானம் கூடாது. இன்னொருவரின் கப்சியூலை ஒன்றிரண்டு வாங்கிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, இந்த மருந்தில் அதைப்போல் பயங்கரமானது வேறில்லை.

மனச்சோர்வு பற்றியும் கேட்பார்கள். பெருந்தொகையானோரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் இந்த மருந்தால் மனச்சோர்வு கூடியதாகத் தெரியவில்லை. முகம் துப்புரவாகியதும் மனம் தேறினவர்களே கூட. ஆனால் தனி ஒருவருக்கு வராது என்று யாரும் உறுதி தரமுடியாது. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் டொக்டருக்குச் சொல்லவேண்டும், வீட்டில் ஒருவர் அவவின் நித்திரையையும் பேச்சையும் கவனித்துக்கொள்ளவேண்டும். சாப்பாட்டில், சீனியும் வெள்ளை மாவும் கூடினால் பரு கூடும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. பாலுக்கு அதைவிடக் குறைவு. எண்ணெய்ப் பலகாரத்துக்கும் சொக்லேட்டுக்கும் தெளிவில்லை. பட்டினி போட்டுப் பருவை மாற்றமுடியாது.

முதுகில் உள்ளது பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது. அங்கே எல்லாம் ஒரே அளவில், கடுகு கொட்டியதுபோல, வியர்த்ததும் கடிக்கிறதா? அப்படியென்றால் அது பரு இல்லாமல் பங்கசு மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். எங்கள் புழுக்கத்தில் அது சாதாரணம், டொக்சிசைக்கிளினால் இன்னும் கூடும். அதற்கு கீட்டோகோனசோல் போன்ற வேறு மருந்து வேண்டும். எழுத்தில் அதைப் பிரித்தறிய முடியாது, பார்க்கவேண்டும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் வெளிநோயாளர் பிரிவில் தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் அங்குள்ள வைத்தியசாலையில் கடிதம் எடுத்துக்கொண்டு வரலாம். முகத்தில் பவுடர், கிறீம் ஒன்றும் பூசாமல் போகச் சொல்லுங்கள். பாவித்த எல்லா டியூப்பும், குளிசை மட்டைகளும், முக்கியமாக அந்த முகநூல் டப்பாவும் கையில் இருக்கட்டும். ஏசுவார்கள் என்று ஒளிக்கவேண்டாம். எது எத்தனை நாள் என்று ஒரு துண்டில் எழுதுங்கள், கடைசி மாதவிடாய்த் திகதியும் சேர்த்து. கிளினிக் நாள் வரும்வரை கழுவி, ஈரப்பதக் கிறீம், சன்ஸ்கிறீன் மூன்றும் போதும். இடையில் காய்ச்சலும் மூட்டு நோவும் சேர்ந்து பரு புண்ணாகி உடைந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.